வண்ணம் பூசி வந்த அரக்கர்கள்: ஜென் கானில் ஒரு சுற்று

இண்டியானாபொலிஸ் நகரின் நடுவில் இருக்கும் இண்டியானா கன்வென்ஷன் சென்டரில், வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கதவு திறந்ததும் கூட்டம் உள்ளே பாய்கிறது. 1968இல் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சிற்றூரில், கேரி கைகாக்ஸ் ஒரு சிறிய மண்டபத்தில் போர் விளையாட்டுப் பிரியர்களைக் கூட்டினார். அந்தச் சந்திப்புதான் இன்றைய ஜென் கான். 2003 முதல் இந்த நகரத்தில் நடக்கிறது. அண்மை ஆண்டுகளில் 70,000 பேருக்கு மேல் வருகிறார்கள். இடம் போதாமல் பக்கத்து லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தின் தரையிலும் மேசை போட்டு ஆடுகிறார்கள்.

நான் தேடி வந்தது ஒரு கேள்விக்கான விடையை. வார இறுதிகளில் நண்பர்களுக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டி அண்ட் டி) நடத்துகிறேன். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அதற்குள் நுழையும் விளையாட்டு அது. பேச்சிலேயே ஓடும் கதையில் சண்டை என்று வந்துவிட்டால், கட்டம் போட்ட விரிப்பை மேசையில் விரிப்போம். ஓர் அங்குலக் கட்டம் கதைக்குள் ஐந்து அடி. அதில் நிற்க விரல் உயரத்துக்கும் குறைவான மினியேச்சர் பொம்மைகள் வேண்டும். தொழிற்சாலையிலேயே வண்ணம் பூசி வருவதை வாங்குவதா, பூசாததை வாங்கி நாமே பூசுவதா என்று எங்கள் குழுவில் ஓயாத விவாதம். கையால் பூசுகிறவர்கள் மற்றதை மட்டமாகப் பேசுவது வழக்கம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

பெரிய நிறுவனங்களின் கண்ணாடிப் பேழைகளைச் சீக்கிரமே தாண்டினேன். அங்கே விளக்கு வெளிச்சத்தில் எல்லாமே அழகுதான். பொம்மைகளை உதிரியாக விற்கும் வியாபாரிகளிடம்தான் உண்மை தெரியும். நான் நின்ற கடையில் மேசை நிறைய பிளாஸ்டிக் தட்டுகள். ஒவ்வொரு அறையிலும் ஓநாய், எலும்புக்கூடு, ஓர்க், சிலந்தி என்று பிரித்துப் போட்டிருந்தார்கள். ஆண்டு வாரியாகவும் அடுக்கியிருந்தார்கள். அந்தத் தட்டுகளைப் பார்த்துக்கொண்டே போனால் இந்தத் தொழிலின் வரலாறே விரல் நுனியில் வந்துவிடுகிறது. 2000இல் விஸ்கிட்ஸ் நிறுவனம் மேஜ் நைட் என்ற விளையாட்டை வெளியிட்டது. பொம்மையின் அடித்தட்டிலேயே சுழலும் சக்கரம், மேலே பூசிய வண்ணம். மினியேச்சர் என்றால் வாங்கியவர்தான் பூச வேண்டும் என்ற நிலை அதோடு மாறத் தொடங்கியது. 2003இல் விஸர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் தன் டி அண்ட் டி பொம்மை வரிசையை ஹார்பிஞ்சர் என்ற தொகுப்போடு ஆரம்பித்தது. 2011இல் அதை நிறுத்தியது. அதே ஆண்டு விஸ்கிட்ஸ் பாத்ஃபைண்டர் விளையாட்டுக்கான பொம்மைகளைக் கொண்டுவந்தது. 2014இல் ஐகான்ஸ் ஆஃப் தி ரெல்ம்ஸ் வரிசையின் மூலம் டி அண்ட் டி பொம்மைகளும் அதன் கைக்கு வந்தன.

கோப்ளின் என்ற குட்டி அரக்கன் ஒருவனை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். கண்ணருகே கொண்டுவந்தால் குறைகள் ஒன்றொன்றாகத் தெரிகின்றன. இடது கண்ணின் மஞ்சள் புள்ளி கன்னத்தில் இறங்கியிருக்கிறது. கத்தியின் வெள்ளி நிறம் விரல்கள்மேல் வழிந்திருக்கிறது. அச்சின் இரண்டு பாதிகளும் சேர்ந்த இடம் தோளிலிருந்து இடுப்புவரை மெல்லிய கோடாக ஓடுகிறது. கத்தியே நேராக இல்லை, வெயிலில் வாடிய கீரைத்தண்டைப் போல வளைந்திருக்கிறது.

நான் உற்றுப் பார்ப்பதைக் கவனித்த கடைக்கார அம்மா, நரைத்த தலை, கழுத்தில் கண்ணாடிச் சங்கிலி, பக்கத்திலிருந்த விரிப்பைக் காட்டினார். “கையில் வச்சுப் பார்க்காதீங்க. அங்கே நிறுத்திட்டு, நாற்காலியில் உட்கார்ந்து பாருங்க. ஆடும்போது அங்கிருந்துதானே பார்ப்பீங்க?” என்றார்.

உட்கார்ந்து பார்த்தேன். கையெட்டும் தூரம்தான். கண் எங்கே இறங்கியிருக்கிறது என்று தெரியவில்லை. பச்சைத் தோல், பழுப்புத் தோலாடை, மின்னும் கத்தி. ‘கோப்ளின் வருகிறான்’ என்று ஒரே பார்வையில் தெரிகிறது. மடிப்புகளுக்குள் இறங்கிய கரும்பழுப்புச் சாயம் நிழலாக வேலை செய்கிறது. பக்கத்தில் பூசாத சாம்பல் நிறப் பொம்மை ஒன்றை அவர் வைத்தார். செதுக்கு வேலையில் அதுதான் மேல். விரல்கள், பற்கள், இடுப்புவாரின் கொக்கி எல்லாம் கூர்மை. ஆனால் கையெட்டும் தூரத்தில் அது கோப்ளினா, குள்ளனா, குழந்தையா என்று சொல்ல முடியவில்லை. ஆட்டப் பொம்மைக்கு உரிய தூரம் இதுதான். இந்தத் தூரத்தில் வைத்துப் பார்க்காமல் சொல்லும் குறைகளை நான் இனிமேல் பெரிதாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

வண்ணம் இங்கே வெறும் அலங்காரம் இல்லை, அது தகவல். டி அண்ட் டியில் சிவப்பு டிராகன் நெருப்பை உமிழும், நீலம் மின்னலை, பச்சை நச்சுக்காற்றை, கறுப்பு அமிலத்தை, வெள்ளை கடுங்குளிரை. மேசையில் வைத்த கணமே ஆடுகிறவர்கள் எந்த மந்திரத்தைத் தயாராக வைத்துக்கொள்வது, எந்தப் பக்கம் ஓடுவது என்று கணக்குப் போடத் தொடங்குகிறார்கள். சாம்பல் நிற டிராகனை வைத்துவிட்டு “இதைச் சிவப்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள்” என்று சொன்னால் அந்தக் கணம் போய்விடுகிறது. கதை நடத்துகிறவர்களுக்கு அந்த நொடி எவ்வளவு முக்கியம் என்பது தெரியும்.

“தொழிற்சாலைச் சாயம்” என்று சொல்லும்போது ஏதோ இயந்திரம் பூசியதைப் போலப் பலரும் பேசுகிறார்கள். அப்படியில்லை. இவற்றில் பெரும்பாலானவை சீனாவின் தொழிற்சாலைகளில் மனிதக் கைகளால் பூசப்படுகின்றன. ஒருவர் தோலுக்கு, அடுத்தவர் ஆடைக்கு, இன்னொருவர் வாளுக்கு என்று பொம்மை வரிசையாக நகர்கிறது. சில இடங்களுக்கு மறைப்பு அச்சு வைத்துத் தெளிக்கிறார்கள். கண் போன்ற நுண்ணிய இடங்களுக்குப் பஞ்சு முத்திரை மாதிரி அழுத்தி எடுக்கும் அச்சும் உண்டு. தூரிகை படும் தடவை கூடினால் செலவும் கூடும். அதனால்தான் மலிவான கோப்ளின் மூன்று நான்கு நிறங்களோடு நின்றுவிடுகிறான். அரிய வகை மந்திரவாதியின் அங்கிக்குக் கரையும் வெளிச்சப் புள்ளிகளும் கிடைக்கின்றன. கன்னத்தில் இறங்கிய அந்த மஞ்சள் புள்ளியும் யாரோ ஒருவரின் கைவேலைதான். அதை மட்டம் என்று ஒதுக்குவதற்கு முன், அந்தத் தொழிலாளிக்கு ஒரு பொம்மைக்குச் சில நொடிகளே கிடைத்திருக்கும் என்பதையும் நினைக்க வேண்டும்.

மலிவான பிளாஸ்டிக்குக்கு இந்த ஆட்டத்தில் இன்னொரு பெருமையும் உண்டு. டி அண்ட் டி 1974இல் வெளிவருவதற்கு முன்பே, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கைகாக்ஸின் மேசையில் ஹாங்காங்கில் செய்த, மலிவு விலைப் பிளாஸ்டிக் பிராணிப் பொம்மைகள் நின்றன. என்ன பிராணி என்றே சொல்ல முடியாத விசித்திர உருவங்கள். அவற்றைப் பார்த்துத்தான் இரும்பைத் துருவாக்கித் தின்னும் ரஸ்ட் மான்ஸ்டர், ஆந்தைத் தலையும் கரடி உடலும் கொண்ட ஔல்பேர், மண்ணுக்குள் நீந்தும் புலெட் எல்லாம் பிறந்தன. ஐம்பது ஆண்டுகளாக வீரர்களை விரட்டும் அரக்கர்கள் மலிவுக் கடைப் பையிலிருந்து வந்தவர்கள்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும் என்று ‘பெயின்ட் அண்ட் டேக்’ நடக்கும் இடத்துக்குப் போனேன். நீண்ட மேசைகள், சிறு சிறு சாயக் குப்பிகள், கலங்கிய தண்ணீர்க் கோப்பைகள். பொம்மையைக் கொடுத்து, பூச இடமும் கொடுக்கிறார்கள். பூசி முடித்ததும் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். சாயத்தைத் தண்ணீர் விட்டு இளக்கி, தடித்து ஒருமுறை பூசாமல் மெல்லியதாக இரண்டு முறை பூசுங்கள் என்று ஒரு தன்னார்வலர் ஒவ்வொருவரிடமும் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பத்து வயதுப் பெண் ஒருத்தி அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து வில்லேந்திய எல்ஃப் பெண்ணின் மேலங்கிக்கு ஊதா பூசினாள். பிறகு மிக மெல்லிய தூரிகையால் வலது முழங்கையில் ஒரு சிவப்புக் கீற்று.

“அது என்னம்மா?” என்று கேட்டேன்.

“தீக்காயம். போன ஆட்டத்தில் தம்பியைக் காப்பாத்தும்போது பட்டது” என்றாள் நிமிராமலே.

எந்தத் தொழிற்சாலையாலும் அந்தக் காயத்தைப் பூசித் தர முடியாது. மாதக்கணக்கில், சில குழுக்களில் ஆண்டுக்கணக்கில் ஒரே பாத்திரத்தை ஆடுகிறார்கள். அந்தப் பாத்திரத்தின் தழும்பும், அதற்குத் தாய் கொடுத்த பதக்கமும் ஆடுகிறவருக்கு மட்டுமே தெரியும். ஆகவே நாயகர்களைக் கையால்தான் பூச வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. செய்யவும் இன்று எளிது. நோல்சர்ஸ் என்ற வரிசையின் பூசாத பொம்மைகள், சாயம் பிடிப்பதற்கான பிரைமர் அடித்தே வருகின்றன. சிட்டாடல் என்ற சாய வரிசையில் 2019இல் வந்த கான்ட்ராஸ்ட் சாயம் ஒரே பூச்சில் மேட்டில் மெல்லியதாகவும் பள்ளத்தில் அடர்த்தியாகவும் நிற்கிறது. தொடக்கக்காரர்களுக்கு அது பெரிய வரம்.

ஆனால் இதே அன்பைப் பன்னிரண்டு கோப்ளின்களுக்கும் கொடுக்க முடியுமா? மேசைக்குப் போதுமான அளவு பூசினாலும் பழகிய கைக்கே ஒரு பொம்மைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும். அந்தப் பன்னிரண்டு பேரும் அரை மணி நேரச் சண்டையில் செத்துப்போவார்கள். வேலைக்குப் போய், வீட்டைப் பார்த்து, அடுத்த வாரக் கதையையும் எழுதுகிறவருக்கு அந்த நேரம் எங்கிருந்து வரும்? வாங்கிப் பூசாமல் பெட்டியில் கிடக்கும் சாம்பல் நிறக் குவியல் இந்தப் பொழுதுபோக்கில் ஏறக்குறைய எல்லோருடைய வீட்டிலும் இருக்கிறது. பூசி வந்த அரக்கர்கள் அந்த வாரமே மேசைக்கு வருகிறார்கள். கதைக்கு வேண்டியது அதுதான்.

எனக்கு உண்மையில் ஆட்சேபம் இருப்பது விற்கும் முறையில். பூசிய பொம்மைகளில் பெரும்பங்கு, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத மூடிய பெட்டிகளில் வருகிறது. ஐகான்ஸ் பெட்டி ஒன்றில் நான்கு பொம்மைகள். எந்த நான்கு என்பது திறந்தால்தான் தெரியும். சேகரிப்பவர்களுக்கு அதில் ஒரு கிளர்ச்சி இருக்கலாம். கதை நடத்துகிறவருக்கு வேண்டியது ஆறு ஓநாய்கள். மூடிய பெட்டிகளில் ஆறு ஓநாய் சேர்ப்பதற்குள் தேவையில்லாத ஒரு பட்டாளமே சேர்ந்துவிடும். உதிரி வியாபாரிகள் பிழைப்பதும் இதனால்தான். கோப்ளின், கோபோல்ட், ஓர்க் கூட்டங்களை ‘வார்பேண்ட்’ என்ற பெயரில் உள்ளிருப்பதைக் காட்டியே விற்கும் பெட்டிகளும் இப்போது கிடைக்கின்றன. இந்த வழக்கம் வளர வேண்டும்.

கடைக்கார அம்மாவிடமே திரும்பிப் போய், வளைந்த கத்தியை என்ன செய்வது என்று கேட்டேன். ஃபிளாஸ்கிலிருந்து கோப்பையில் வெந்நீர் ஊற்றி, கோப்ளினைத் தலைகீழாகப் பிடித்துக் கத்தியை மட்டும் சிறிது நேரம் முக்கினார். பிளாஸ்டிக் இளகியதும் விரலால் நீவி நேராக்கி, உடனே குளிர்ந்த தண்ணீரில் வைத்தார். கத்தி நேராக நின்றது. “கண்ணையும் சரி செய்யணும்னா ஒரு சொட்டுச் சாயம் போதும். பூசினதுமேல பூசக்கூடாதுன்னு சட்டமா?” என்றார். அதுவும் சரியான யோசனை. பூசி வந்த பொம்மைமேல் இளக்கிய பழுப்புச் சாயத்தை ஒருமுறை ஓட்டி, கண்ணைத் திருத்தி, அடித்தட்டின் ஓரத்தில் ஆளுக்கொரு நிறப் புள்ளி வைத்தால், ஒரே முகமுள்ள ஆறு கோப்ளின்களையும் ஆட்டத்தில் பிரித்துச் சொல்லலாம்.

புதிதாக ஆட்டம் நடத்தத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இது. கடைக்குப் போகும்முன் அடுத்த இரண்டு ஆட்டங்களில் வரப்போகும் அரக்கர்களின் பட்டியலை எழுதிக்கொள்ளுங்கள். அவற்றை மட்டும் பூசியதாக, உதிரியாக வாங்குங்கள். மூடிய பெட்டிக்கு வைத்திருந்த பணத்தில் பூசாத நாயகப் பொம்மை ஆளுக்கொன்று வாங்கி, நாலைந்து சாயக் குப்பிகளோடு உங்கள் ஆட்டக்காரர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.