பிரசவம் பார்த்தவர்

1984-ல் மோகனூருக்குப் பக்கத்தில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஊருக்கு நான் நர்சம்மா. ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் ஆகிவிட்டன. கூட வேலை பார்த்தவர்களிடமும் வீட்டாரிடமும் சொல்லாத ஒன்றை இப்போது எழுதுகிறேன்.

எங்கள் பதிவேட்டில் ‘பிரசவம் பார்த்தவர்’ என்று ஒரு கட்டம் உண்டு. வீட்டில் நடந்த பல பிரசவங்களுக்கு அந்தக் கட்டத்தில் என் பெயரை எழுதினேன். பார்த்தது நானல்ல, நாவிதர் வீட்டு மருத்துவச்சி ஒருவர். பெயர் வேண்டாம் என்று அவருடைய பேத்தி கேட்டுக்கொண்டதால் மருத்துவச்சி என்றே சொல்கிறேன். பயிற்சி பெற்ற மருத்துவச்சி பார்த்ததாகப் பதிவானால் அவருக்கு ஒரு சிறு தொகை கிடைக்கும். நான் பார்த்ததாக எழுதினால் மாதக் கூட்டத்தில் எனக்குப் பாராட்டு. அவருக்கு அந்தக் காசு தேவைப்பட்டது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன்.

அந்தப் பயிற்சியில் பாடம் எடுத்தவர்களில் நானும் ஒருத்தி. கை, விரிப்பு, பிளேடு, கட்டும் நூல், தொப்புள்கொடி என்று ஐந்து சுத்தங்களை விரல் விட்டுச் சொல்லிக் கொடுத்தேன். என் அம்மா வயதுள்ள அந்த மருத்துவச்சி முன்வரிசையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, நான் சொன்னதைத் திருப்பிச் சொன்னார். “தொப்புள்ல சாணி, சாம்பல் வெச்சீன்னா குழந்தைக்கு ஜன்னி வரும், தெரியுமா?” என்று கேட்டேன். “நான் வெக்கறதில்லீங்க நர்சம்மா” என்றார். “பொய் சொல்லாதே” என்றேன் எல்லார் முன்னாலும். பெரிய வீட்டுப் பிள்ளைகள் அவரை ‘வா, போ’ என்று கூப்பிடும் ஊர் அது. நானும் ஒருமையில்தான் பேசினேன். அவர் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை.

1991 ஆடி மாதம். காவிரி கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. யாரோ டிவிஎஸ் 50-ல் வந்து கூப்பிட, ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு வாழைத்தோட்டத்துக் குடிசைக்குப் போனேன். நான் உள்ளே நுழையும்போது குழந்தை வெளியே வந்துவிட்டது. நீலம் பாய்ந்து கிடந்தது, அழவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். தேர்வில் எழுதியிருக்கிறேன். ஆனால் கை வரவில்லை. மருத்துவச்சி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், “வெளக்கப் புடிச்சுக்குங்க நர்சம்மா” என்றார். சுண்டுவிரலில் துவைத்த வெள்ளைத் துணியைச் சுற்றிக் குழந்தையின் வாயைத் துடைத்தார். கொடியை அறுக்காமலே குழந்தையை ஒருக்களித்துப் போட்டு முதுகைத் தேய்த்தார். உள்ளங்காலில் சுண்டினார். மறுபடியும் முதுகு. அரிக்கேன் விளக்கு என் கையில் ஆடியது. பூனைக்குட்டி போல ஒரு சத்தம் வந்தது. அதற்குப் பிறகும் அவர் எழவில்லை. நஞ்சு விழுந்ததும் தாயின் அடிவயிற்றில் கை வைத்து, “கல்லு மாதிரி இறுகோணும், அப்பத்தான் ரத்தம் நிக்கும்” என்று தேய்த்துக்கொண்டே இருந்தார்.

மூன்றாவதும் பெண். மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வெளியே போனாள். மகனைத் தாய் கூப்பிட்ட ஊர், மகனூர்தான் மோகனூர் ஆயிற்று என்று பெரியவர்கள் கதை சொல்வார்கள். மகளை யார் கூப்பிட்டார்கள் அந்தக் காலத்தில்? எருக்கம்பாலும் நெல்மணியும் எதற்கு என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். நான் வீட்டுக்குப் போய்விட்டேன். மருத்துவச்சி போகவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டப் பகலில் எப்படியும் வருவார். ராத்திரி இருக்க வேண்டிய முறை இல்லை. ஆனாலும் ஏழு ராத்திரி அந்தக் குடிசையின் வாசற்படிக்குக் குறுக்கே முந்தானையை விரித்துப் படுத்தார். பாலுக்கு மட்டும் தாயிடம் கொடுத்து வாங்கித் தன் பக்கத்திலேயே குழந்தையைப் போட்டுக்கொண்டார். கூலியாகக் கிடைத்தது இரண்டு வள்ளம் கம்பும் ஒரு பழைய சேலையும். அந்தக் குழந்தைக்கு இன்று முப்பது தாண்டிவிட்டது.

பதிவேட்டில் அந்தப் பிரசவத்தையும் நான் பார்த்ததாகத்தான் எழுதினேன்.

பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதலில் சேலம் மாவட்டத்தில்தான் வந்தது. நாமக்கல் தனி மாவட்டம் ஆனது 1997-ல். அதுவரை நாங்களும் சேலம்தான். ஊர் ஊராக மருத்துவச்சிகள்மேல் சந்தேகம் விழுந்தது. சிலர் செய்தது உண்மை, அதை மறைக்க மாட்டேன். ஒரு கூட்டத்தில் எங்கள் மருத்துவச்சியின் பெயரைச் சொல்லி, “அவளும் காசு வாங்கிட்டு முடிச்சு விடறவதானாம்” என்றார் ஒருவர். என் எல்லைக்குட்பட்ட ஊர் என்பதால் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஏழு ராத்திரி வாசற்படியில் படுத்த கதையைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், அந்தப் பிரசவத்தைப் பார்த்தது யார் என்றும் சொல்ல வேண்டிவரும். மடியில் பதிவேடு இருந்தது. நான் குனிந்துகொண்டேன்.

விசாரணை என்று கூப்பிட்டு அவரை ஒரு பகல் முழுக்க உட்கார வைத்தார்கள். ஊரிலும் கொஞ்ச நாள் அவரைக் கூப்பிடவில்லை. எங்கள் சுகாதார நிலையத்து வாசலைக் கடந்து நடந்து போவார். ஒருநாளும் என்னை ஒன்றும் கேட்டதில்லை.

பிறகு காலம் மாறியது. 2006-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகை ஆறாயிரமானது. 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. இன்று தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் ஆஸ்பத்திரிப் பிரசவம்தான். அது நல்லது, அதற்காக ஓடியவர்களில் நானும் ஒருத்தி, அதில் எனக்கு வருத்தமே இல்லை. வீட்டில் ரத்தம் நிற்காமல் போன பெண்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த மாற்றம் வரும்வரை எங்கள் ஊர்ப் பெண்களைச் சுமந்த கை யாருடையது என்பதற்கு இருந்த ஒரே எழுத்துச் சாட்சியையும் நான் கெடுத்துவிட்டேன்.

2018-ல் கர்நாடகத்துப் பாவகடா மருத்துவச்சி நரசம்மாவுக்குப் பத்மஸ்ரீ கொடுத்ததை டிவியில் பார்த்தேன். பதினைந்தாயிரத்துக்கும் மேல் பிரசவம், காசு வாங்காமல். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் சொல்லிவிடுவது என்று பஸ் ஏறினேன்.

எங்கள் மருத்துவச்சிக்கு எண்பத்தைந்து இருக்கும். கண்ணில் புரை. குரலை வைத்தே, “நர்சம்மாவா? உக்காருங்க சாமி” என்றார். “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டேன். அன்றுதான் முதல் முறையாக அவரை ‘நீங்க’ என்றேன். பேத்தி கருப்பட்டிக் காபி கொண்டுவந்தாள். நான் வாயைத் திறக்குமுன் அவரே அந்த ஆடி மாதத்து ராத்திரியைப் பேத்தியிடம் சொல்ல ஆரம்பித்தார். “நர்சம்மா அன்னிக்கு வெளக்குப் புடிச்சு நின்னாங்க. அவுங்க வரலைன்னா அந்தப் புள்ள பொழச்சிருக்காது” என்றார்.

நான் மறுக்கவில்லை. காபியைக் குடித்து முடித்தேன். மூன்று மாதத்தில் அவர் இறந்துபோன சேதி வந்தது.