முடிச்சில் இருந்த வெள்ளி ரூபாய்கள்



ஆற்காட்டிலிருந்து தெற்கே பேருந்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம், ஆரணி வந்துவிடும். கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த இவ்வூர்த் தெருக்களில் தறியோசை கேட்காத பகல் அரிது. நான் சென்றது பட்டு வாங்குவதற்காக அன்று; உறவினர் இல்லத்து நிக்காஹுக்காக.

அவ்வீட்டுப் பெரியம்மா ஒரு துணி முடிச்சை என் முன் அவிழ்த்தார். அத்தனையும் வெள்ளிக் காசுகள். அவர் மாமியாருக்கு மஹராகக் கிடைத்துப் பின் அவர் கைக்கு வந்தவை.

"தம்பி, நீங்க ஓதிப் படிச்சவங்க. பழைய வெள்ளி வாங்குறவர் எல்லாத்தையும் ஒரே விலைக்கு எடைபோட்டுக் கேட்கிறார். கொடுத்துடலாமா?" என்று வினவினார்.

"உருக்குவதற்கு முன் படித்துப் பார்ப்போம்" என்றேன்.

அவற்றுள் இரண்டில் பார்ஸி எழுத்துகள் இருந்தன. ஓதத் தெரிந்த எவரும் அவற்றில் 'ளர்ப் ஆர்காட்' என்ற சொற்களைக் கண்டுகொள்ளலாம். 'ஆற்காட்டில் அச்சிடப்பட்டது' என்பது பொருள். ஆனால் எழுத்தை மட்டும் நம்பிவிடலாகாது. பிறைக் குறி இருந்தால் அது பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் அடித்தது. தாமரைக் குறி இருந்தால் ஆங்கிலேயக் கம்பெனியுடையது. 1751 டிசம்பரில் இதே ஆரணியில் இராபர்ட் கிளைவின் படையும், பிரெஞ்சுக்காரர் துணைநின்ற இராஜா சாஹிபின் படையும் மோதின. களத்தில் பகைவர்களான அவ்விரு நாட்டவரும் காசில் மட்டும் ஒரே ஆற்காட்டின் பெயரையே பொறித்தனர்! இரண்டாம் ஆலம்கீர் 1759-இல் மறைந்த பின்னரும், அவர் பெயரையும் ஹிஜ்ரி 1172 என்ற ஆண்டையும் மாற்றாமல் கம்பெனி பல்லாண்டுகள் அச்சிட்டு வந்தது.

ஏனையவை மன்னர் தலை பொறித்தவை. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் மலர்மாலையின் அடிப்பூவுக்குக் கீழே சிறு புள்ளி இருந்தால் பம்பாய் நாணயச்சாலை, இல்லையேல் கல்கத்தா. அவ்விடத்தில் 'எல்' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் ஆறாம் ஜார்ஜ் காலத்து லாகூர். 1911-ஆம் ஆண்டு ரூபாய்க்குத் தனிக் கதை உண்டு. மன்னரின் அங்கியில் இருந்த யானை உருவம் பன்றிபோல் தோன்றவே முஸ்லிம்கள் மனம் புண்பட்டனர். அரசு அதனைத் திரும்பப் பெற்று, 1912-இல் உருவத்தைத் திருத்தியது. ஆகவே 1911 என்ற ஆண்டைக் கண்டால் அக்காசைத் தனியே எடுத்து வையுங்கள்.

விலையில் ஏமாறக்கூடிய இடம் ஒன்றுண்டு. 1835 முதல் வந்த ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940 முதல் பாதிதான் வெள்ளி. இரண்டையும் ஒரே விலைக்குக் கேட்பவரிடம் நிதானம் தேவை. புளியும் சாம்பலும் இட்டுத் தேய்க்கவும் வேண்டாம்; பழங்காசு சேகரிப்போர் அதனை விரும்புவதில்லை.

தரம் பிரித்து முடித்தபோது வேறொன்று என் நெஞ்சில் உறைத்தது. பழைய முழு வெள்ளி ரூபாயின் எடை ஒரு தோலா. நம் ஹனஃபி மத்ஹபில் வெள்ளிக்கு நிஸாபாகக் கணக்கிடுவது ஐம்பத்திரண்டரை தோலா. பெரியம்மாவிடம் இருந்த முழு வெள்ளி ரூபாய்கள் மட்டுமே ஐம்பத்தெட்டு! ஜகாத் பற்றிக் கேட்டேன்.

"செல்லாத காசுதானேன்னு கணக்கிலேயே சேர்க்கலையே, தம்பி!" என்றவரின் கண்கள் கலங்கின.

விலை கேட்க எடுத்த முடிச்சு, ஏழைகளின் பங்கை நினைவூட்டிவிட்டது. விற்பதை நிறுத்திவிட்டு, விடுபட்ட ஆண்டுகளைக் கணக்கிட்டுத் தருமாறு என்னிடமே பொறுப்பளித்தார். அல்ஹம்துலில்லாஹ்!

சகோதரிகளே! உங்கள் பெட்டியின் அடியிலும் இத்தகைய முடிச்சு ஒன்று இருக்கலாம். இன்றே அவிழ்த்துப் பாருங்கள். நமக்குரியது எவ்வளவு, நாம் கொடுக்க வேண்டியது எவ்வளவு என்ற இரண்டையும் அது சொல்லும்.