படத்துக்கு ஒரு கட்டியங்காரன்

பழைய தளத்தைத் திறந்ததுமே மிருதங்கமும் முகவீணையும் முழங்கின. அந்த முழக்கத்தில், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரின் குரல் அமுங்கிப்போனது. "மொதல்ல இதை நிறுத்தும்மா. எனக்கு வழி சொல்ற குரல் அது ஒண்ணுதான்" என்றார் சோதிக்க வந்திருந்தவர். வங்கி ஊழியர், பிறவியிலேயே பார்வை இல்லை.

செய்யாறு வட்டாரத்தில் ஒரு தெருக்கூத்துக் குழு. ஆட்டம் நடக்கும் ஊர்கள், பிள்ளைகளுக்கான கோடைப் பயிற்சி, பழைய படங்கள் எல்லாம் அவர்களுடைய இணையதளத்தில் இருந்தன. பார்வையற்றவருக்கும் காது கேளாதவருக்கும் அது பயன்படும்படி மாற்றும் வேலை, கூத்து வாத்தியார் வீட்டுக் கூடத்தில் நடந்துகொண்டிருந்தது. வடிவமைப்பவர் சென்னையிலிருந்து வந்த இளம்பெண். வாத்தியாரின் பேரன் எடுபிடி.

சோதிப்பவரின் மடிக்கணினித் திரை அணைந்தே கிடந்தது. அவர் பயன்படுத்தும் என்.வி.டி.ஏ., ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ஒருவர் 2006இல் தொடங்கி, பார்வையற்ற நண்பரோடு சேர்ந்து வளர்த்த இலவச ஸ்கிரீன் ரீடர். ஹெச் விசையைத் தட்டினால் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவும். இங்கே தாவவில்லை. எழுத்தைப் பெரிதாக்கி நிறம் கொடுத்திருந்தார்களே தவிர, 'இது தலைப்பு' என்று நிரலில் குறிக்கவில்லை. குழுவின் வரலாற்றுப் பக்கம் பாமினி எழுத்துருவில் இருந்தது. பாமினி, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் மாட்டிவிடும் ஏற்பாடு. கண் 'அம்மன்' என்று படிப்பது, மென்பொருளுக்கு எம், கே, அரைப்புள்ளி என்று தொடங்கும் ஆங்கிலக் கோவை. பக்கம் முழுவதையும் யூனிகோடுக்கு மாற்றி, பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறித்த பிறகுதான் தமிழ்க் குரல் வந்தது.

நிறத்தில் ஒரு வழக்கு. கூத்து நோட்டீஸ் மாதிரி, சிவப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து வேண்டும் என்றான் பேரன். சிறிய எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்கின்றன உலகளாவிய அணுகல் வழிகாட்டு நெறிகள். பளீர்ச் சிவப்பில் மஞ்சளை அளந்தால் 3.7தான் வருகிறது, பெரிய எழுத்துக்குப் போதும், சிறிய எழுத்துக்குப் போதாது. அந்தப் பெண் சிவப்பை அரக்கு நிறத்துக்கு இறக்கினார். விகிதம் 10ஐத் தாண்டியது. "இதுவும் நோட்டீஸ் கலருதான்" என்று வாத்தியார் தீர்ப்புச் சொன்னார்.

படங்களில்தான் பொழுது போனது. ஒவ்வொரு படத்துக்கும் ஸ்கிரீன் ரீடர் படிக்க ஒரு விவரக் குறிப்பு வேண்டும். முதல் படத்துக்கு 'கூத்துக் கலைஞர்' என்று எழுதியிருந்தது.

"இது எல்லாப் படத்துக்கும் பொருந்துமே, மேடம்" என்றார் சோதிப்பவர்.

வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "துரியோதனன் வேஷம். செவப்பு அரிதாரம். பெரிய கிரீடம், ரெண்டு தோள்லயும் புஜக்கட்டை. திமிரா நிக்கிறான்."

"திமிருன்னு எதை வெச்சுச் சொல்றீங்க, ஐயா?"

வாத்தியார் கொஞ்சம் யோசித்தார். "மோவாயைத் தூக்கியிருக்கான். காலை அகட்டி வெச்சிருக்கான்."

"அதை எழுதிக்குங்க. திமிரு எனக்கே தெரிஞ்சுடும்."

உள்ளறையிலிருந்து ஒரு புஜக்கட்டை வந்தது. கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியது. விடிய விடிய ஆட வேண்டியிருப்பதால் கனமில்லாத மரம். பதித்திருந்த கண்ணாடிச் சில்லுகளைச் சோதிப்பவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "கண்ணாடி பதிச்சதுன்னும் சேருங்க" என்றார். குறிப்பு இரண்டு வாக்கியத்துக்குள் நிற்க வேண்டும். மரத்தின் கதையெல்லாம் எல்லோரும் படிக்கும் கட்டுரைப் பகுதிக்குப் போனது.

அடுத்தடுத்த படங்களுக்கு வாத்தியார் தடையின்றிச் சொல்லிக்கொண்டே போனார். இது அவருக்குப் பழகிய வேலை. கூத்தில் வேஷம் திரைக்குப் பின்னால் நிற்கும்போதே கட்டியங்காரன் வருவது யாரென்று அறிவிக்கிறான். வேஷக்காரர் தன் கோலத்தையும் பெருமையையும் தானே வருணித்துப் பாடிக்கொண்டு வெளிப்படுகிறார். கண்ணில் படுமுன் காதில் விழுந்துவிடுவதுதான் கூத்தின் முறை. தளத்துக்காக வெளியில் தேடிய திறமை, வீட்டுக்காரரிடமே இருந்தது.

காணொளிகளுக்கு எழுத்து வரிகள் சேர்க்கும்போது, எதையெல்லாம் சொல்வது என்ற கேள்வி காது கேளாதவர் பக்கம் திரும்பியது. பாட்டை மட்டும் எழுதினால் போதாது. யார் பாடுகிறார், பின்பாட்டு எங்கே சேர்கிறது, முகவீணை எப்போது தனித்து ஒலிக்கிறது என்பதும் அவர்களுக்கு வேண்டும். அதைப் பிரித்துச் சொல்ல மிருதங்கக்காரரை அழைத்து உட்காரவைத்தார்கள்.

இத்தனையும் ஒருமுறை செய்து முடிக்கும் வேலையல்ல. அடுத்த திருவிழாப் படங்கள் வந்ததும் தளம் பழைய நிலைக்குச் சரியும். அதனால் விவரக் குறிப்பு காலியாக இருந்தால் படம் ஏறாதபடி அந்தப் பெண் படிவத்தைப் பூட்டிவிட்டார். வாத்தியார் வாட்ஸப்பில் குரலாகச் சொல்வார். பேரன் தட்டச்சு செய்வான். தகரப் பெட்டியில் கிடக்கும் கறுப்பு வெள்ளைப் படங்களில் எந்த வேஷத்தில் யார் என்று தெரிந்தவர் இன்று வாத்தியார் ஒருவர்தான். புதுப் படங்கள் காத்திருக்கலாம் என்று பேரன் அந்தப் பெட்டியைத்தான் முதலில் திறந்தான்.