பகல் கோச்சி

கொழும்பில் உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்தானுக்கு அந்தக் காலத்தில் இரண்டு இருப்பிடம். ஒன்று வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ நாலைந்து பேர் சேர்ந்திருந்த சமறி. மற்றது ஊர்வீடு. இரண்டுக்கும் நடுவே இரவு மெயில் கோச்சி ஓடியது.

வெள்ளிக்கிழமை கந்தோர் விட்டதும் கோட்டை ஸ்டேசனுக்கு ஓட்டம். வண்டி மேடைக்கு வந்து நிற்க முன்னரே யன்னலால் லேஞ்சிகள் விழும். லேஞ்சி கிடக்கும் இடத்தில் வேறொருவர் குந்தமாட்டார். அவ்வளவு மரியாதை அந்தத் துணித்துண்டுக்கு. பொல்காவலை வரமுன் சூட்கேசைக் குறுக்கே வைத்து, பேப்பர் விரித்து, 304 சீட்டாட்டம் தொடங்கிவிடும். கந்தோரில் "சேர்" என்று எழும்பி நிற்கும் லிகிதர், இங்கே அதே சேரிடம் "உமக்குத் துரும்பு கேட்கத் தெரியாது, சும்மா இரும்" என்பார். சேரும் சிரித்துக்கொண்டே அடுத்த தாளைப் போடுவார். அந்தச் சமத்துவத்தை நான் பிறகு வேறெங்கும் காணவில்லை.

அனுராதபுரத்தோடு நித்திரை. முழிப்பு வரும்போது ஆனையிறவின் உப்புக்காற்று முகத்தில் அடிக்கும். எங்கள் வீடு இணுவிலில், தண்டவாளத்துக்குக் கிட்ட. கோச்சி கோண்டாவிலை விட்டு வெளிக்கிடும் சத்தம் கேட்டதும் அம்மா கேத்திலை அடுப்பில் வைப்பா. நான் படலை திறக்கத் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டு நிற்பா. ஞாயிறு திரும்பும்போது முருங்கைக்காய்க் கட்டு, புழுக்கொடியல், காலம் என்றால் கறுத்தக்கொழும்பான் மாம்பழம். திங்கள் காலை எங்கள் சமறி முழுக்க மாம்பழ வாசம்.

1990 ஆனியோடு யுத்தத்தால் எல்லாம் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் போயின. 1995 ஐப்பசிக் கடைசியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தால் நடந்தபோது அந்தச் சனத்துக்குள் அம்மாவும் நடந்தா. சாவகச்சேரியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் சில மாதம் இருந்து அங்கேயே கண்ணை மூடினா. கொழும்பில் இருந்த எனக்குச் செய்தி வந்து சேர்ந்தபோது காடாற்றும் முடிந்திருந்தது.

2014 ஐப்பசியில் யாழ்ப்பாணம் வரைக்கும், 2015 தையில் காங்கேசன்துறை வரைக்கும் கோச்சி திரும்பவும் வந்தது. நான் அதற்கிடையில் பென்சன்காரன் ஆகிவிட்டேன். இரவுப் பயணம் இப்போது உடம்புக்கு ஒத்துவருவதில்லை. முழங்கால் மடக்க முடியாது, அடிக்கடி எழும்பவும் வேண்டும். ஆகவே பகலில் போகிறேன்.

அப்போதுதான் ஒன்று விளங்கியது. அத்தனை காலம் அந்தப் பாதையால் போய்வந்தும் நான் வன்னியைப் பார்த்ததே இல்லை. அது இருட்டில் கடந்து போன இடம். மாங்குளத்துக்கு அங்கால் இத்தனை பாலை மரங்கள் நிற்பதும், பரந்தன் வயல்களுக்கு மேலால் கொக்குக் கூட்டம் எழும்புவதும், ஆனையிறவில் தண்ணீர் வெயிலுக்கு வெள்ளித் தகடாய்க் கிடப்பதும் இந்த வயதில்தான் கண்ணில் படுகின்றன. நாவற்குழிப் பாலத்தைக் கோச்சி சில நொடியில் தாண்டிவிடுகிறது. அம்மாவுக்கு அது ஒரு முழு இரவு. அந்த இடம் வரும்போது நான் ஒருவரோடும் கதைப்பதில்லை.

லேஞ்சி போட இப்போது ஆளில்லை, ஆசனத்துக்கு நம்பர் இருக்கிறது. 304 விளையாடிய கூட்டாளிகளில் பாதிப்பேர் ரொறன்ரோவிலும் லண்டனிலும். மிச்சப்பேரில் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எதிரே இருப்பவர்கள் பெரும்பாலும் நயினாதீவு விகாரைக்குப் போகும் தெற்குச் சனம். தங்கள் சோற்றுப் பார்சலை எனக்கும் நீட்டுவார்கள், நல்ல மனிசர். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் ஆனையிறவு உப்பளத்தைக் காட்டிக் கொடுப்பேன்.

வெளிநாட்டிலிருந்து வரும் எங்கள் பிள்ளைகள் கட்டுநாயக்காவில் இறங்கியதும் வானில் ஏறி, இரவோடு இரவாக, நித்திரையில் ஊர் வந்து சேர்கிறார்கள். நானும் அப்படித்தான் வந்துகொண்டிருந்தேன். பிள்ளைகளே, அடுத்தமுறை ஒரு பகலைச் செலவழித்துக் கோச்சியில் வாருங்கள். நடக்க ஏலுமான ஒரு பெரியவரையும் பக்கத்தில் இருத்திக் கூட்டிவாருங்கள். ஒவ்வொரு ஸ்டேசனுக்கும் அவரிடம் ஒரு கதை இருக்கும். அதைக் கேட்க இன்னும் கொஞ்சக் காலம்தான் இருக்கிறது.