பின் அறையில் வைஃபை சுத்துதா? பெட்டி வாங்குமுன் படிங்க

ஈப்போ, சுங்கை சிப்புட் பக்கம் "வீடியோ சுத்திக்கிட்டே இருக்கு, என்ன வாங்கலாம்?"னு பலர் கேட்கிறாங்க. நடக்க முடியாத பாட்டிமார்களுக்குக் கல்லுமலைத் தைப்பூசமும் கைப்பேசியில்தான், சிங்கப்பூரில் இருக்கும் மகன் முகமும் கைப்பேசியில்தான். அதனால் தொண்டர்களாக நாங்கள் சொல்வது இது.

முதலில் ரூட்டர் பக்கத்திலேயே நின்று வேகம் பாருங்க. அங்கேயே மெதுவா இருந்தா கோளாறு பெரும்பாலும் லைனில். புதுப் பெட்டிக்குக் காசைக் கொட்டாதீங்க. இணைய நிறுவனத்தைக் கூப்பிடுங்க.

அங்கே நல்லா ஓடி, பின் அறையில் மட்டும் செத்துப்போனா காரணம் சுவர். தோட்டத்தை விட்டு நாம் குடிவந்த தாமான் வீடுகள் நீளமானவை. நடுவில் செங்கல் சுவர்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவர் தாண்டத் திணறும். 2.4 தூரம் போகும், வேகம் குறைவு. பழைய லயத்து வீட்டில் பலகை அதிகம் தடுக்காது, தகரம் தடுக்கும்.

இதுக்கு மெஷ் நல்லது. மாடியில்லாத வீட்டுக்குப் பெரும்பாலும் இரண்டு பெட்டி போதும். இரண்டாவதைச் சிக்னல் செத்த அறையில் வைக்காதீங்க, பாதி வழியில் வையுங்க. தனக்கே வராத சிக்னலை அது எப்படித் தரும்? முடிந்தால் இரண்டுக்கும் நடுவே கேபிள் இழுத்துடுங்க, அதுதான் உறுதி. ரூட்டரை இரும்பு அலமாரிக்குள்ளும் டிவி பின்னாலும் ஒளிக்க வேண்டாம்.

தனியாக இருக்கும் பெரியவர்கள் வீட்டுக்கு நாங்களே வந்து பொருத்தித் தருவோம். காசு வேண்டாம். கோயிலில் சொல்லி வையுங்க. தெரிந்தவர்களுக்குப் பகிருங்கள்.