பன்னிரண்டு கம்பி கேட்ட மனுசன்

சீப் ட்ரிக் குழுவின் ரொம் பீற்றர்சன் பேஸோடு நிக்கிற படத்தைக் கண்டால் நாங்கள் முதலில் கம்பியைத்தான் எண்ணுவோம். வழமையாக நாலு, இதில் பன்னிரண்டு! ஒவ்வொரு தடித்த கம்பிக்கும் பக்கத்தில், ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கிற இரண்டு மெல்லிய கம்பிகள். மூன்றையும் ஒண்டாத்தான் மீட்ட வேணும். பேஸும் கிற்றாரும் ஒரே ஆளிடமிருந்து வாற மாதிரிக் கேக்கும்.

1970களின் பிற்பகுதியில் அவர் இதைக் கேட்டபோது, ஹேமர் கிற்றார் செய்தவர்களுக்குப் பயம். இத்தனை கம்பியின் இழுவையைக் கழுத்துத் தாங்குமோ? முதலில் பத்துக் கம்பியோடு ஒன்று செய்து பார்த்தார்கள். பிறகுதான் பன்னிரண்டு.

'இருக்கிறதை வச்சு வாசி' எண்டு சொல்லுற ஆக்கள்தான் எங்களைச் சுற்றிக் கனபேர். கடையில் இல்லாத ஒரு சத்தத்தை வாய்விட்டுக் கேட்ட அந்தத் துணிச்சலில்தான் எங்களுக்கு ஆசை.