மருதையாற்றுத் தண்ணீர்

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. எங்கள் பக்கத்து ஜனங்கள் ரயில் ஏற அரியலூருக்குத்தான் போக வேண்டும். தொண்ணூறுகளில் மதுரையில் படித்தபோது நானும் அப்படித்தான் போனேன். கொளக்காநத்தம் பக்கம் எங்கள் ஊர். அங்கிருந்து பஸ்ஸில் அரியலூர், அங்கே வைகை எக்ஸ்பிரஸ்.

அப்பா போன பிறகு என்னை வளர்த்தவர் பெரியப்பா. என்ன படிக்கிறாய், எத்தனை மார்க் என்று ஒருநாளும் கேட்டதில்லை. தீபாவளிக்கு வந்துவிட்டுக் கிளம்பும்போது ஆளே இருக்க மாட்டார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கோ போய்விடுவார். திருநீறு பூசி, முறுக்குப் பொட்டலத்தைப் பையில் திணித்து பஸ் ஏற்றிவிடுவது பெரியம்மாதான். பெற்ற பிள்ளையாக இருந்தால் இப்படிப் போவாரா என்று ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

ஒரு கார்த்திகையில் மட்டும் வாய் திறந்தார். விடிய விடிய மழை. நனைந்த துண்டோடு வந்து, "ரயில்ல போவாத. திருச்சி போயி பஸ்ல போ" என்றார். ஏன் என்றால் பதில் இல்லை. வழியெல்லாம் ரோட்டில் தண்ணீர். நான் போய்ச் சேர்வதற்குள் பரீட்சை முடிந்திருந்தது. அந்தக் கோபம் எனக்கு வெகுகாலம் ஆறவில்லை.

போன கார்த்திகையில் ஊருக்குப் போனேன். பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வரும்போது இருபுறமும் மக்காச்சோளத் தட்டை. களத்துமேட்டில் விதை வெங்காயம் போட்டு ஓலை வேய்ந்த பட்டறைகள். சுண்ணாம்புக் கல் லாரிகள் சிமெண்ட் ஆலைகளுக்கு வரிசையாகப் போகின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. பக்கத்துக் காரை கிராமத்து ஓடைகளில் கல்லாகிப்போன நத்தையும் சிப்பியும் கிடக்கும். அவற்றை வைத்து விளையாடித்தான் நாங்கள் வளர்ந்தோம்.

கிளம்ப வேண்டிய நாள் விடியற்காலை. பெரியப்பா தடியை ஊன்றிக்கொண்டு படலைத் திறப்பது கேட்டது. வயது எண்பதைத் தொடுகிறது, இருட்டில் எங்கே போகிறார் என்று பின்னாலேயே போனேன். மருதையாற்றுக் கரையில் நின்றார். பச்சைமலையில் பிறந்து, எங்களைத் தாண்டி, ரயில் பாலத்துக்கு அடியில் ஓடிக் கொள்ளிடத்தில் சேரும் ஆறு. குனிந்து தடியைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தார்.

"முழங்காலுக்குத்தான் ஓடுது. போவலாம்."

அவர் சொன்னது என் ரயிலை என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

1956 நவம்பர் 23. சென்னையிலிருந்து வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், அரியலூர் தாண்டி இதே ஆற்றில் விழுந்தது. வெள்ளம் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண்ணை அரித்துக்கொண்டு போயிருந்தது. இறந்தவர்கள் 140-க்கும் மேல். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். மூன்று மாதம் முன்பு மஹபூப்நகர் விபத்தின்போது அவர் தந்த ராஜினாமாவை ஏற்காத நேரு, இந்த முறை ஏற்றுக்கொண்டார். இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்தவன். அன்று பெரியப்பாவுக்குப் பத்து வயது என்பதை மட்டும் கணக்குப் பார்த்ததில்லை.

"தாத்தா கயிறு எடுத்துக்கிட்டு ஓடினாங்க. நானும் பின்னாலயே ஓடினேன்" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மீதியைச் சொன்னது பெரியம்மா. "மழைக்காலத்துல நீ கெளம்புற அன்னிக்கெல்லாம் சைக்கிள எடுத்துக்கிட்டு அந்தப் பாலத்துக்கே போயிருவாரு. ஒன் வண்டி தாண்டுறதப் பாத்துட்டுத்தான் வந்து கைகால் கழுவுவாரு. ஒனக்குத் தெரியாதா?"

தெரியாது. கோடை லீவு முடிந்து கிளம்பியபோதெல்லாம் அவர் திண்ணையில்தான் இருந்திருக்கிறார், பஸ் திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அதெல்லாம் என் கணக்கில் ஏறவே இல்லை. அவர் இல்லாத நாட்களை மட்டும் எண்ணி வைத்திருந்தேன். அந்த நாட்களிலோ, நான் ஜன்னலோரம் அழுதுகொண்டு போன அதே பாலத்தின் அருகே, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

சாயங்காலம் வைகை சரியான நேரத்துக்கு வந்தது. அரியலூரை விட்டதும் கதவருகே போய் நின்றுகொண்டேன். பாலத்தில் சத்தம் மாறியது. கீழே நாணல், மணல், நடுவே ஒரு கோடாகத் தண்ணீர். கரையில் நின்று ரயிலைப் பார்க்கும் ஆள் எங்கே நிற்பார் என்று தேடினேன். அதற்குள் பாலம் முடிந்துவிட்டது.

கல்லகம் வருவதற்குள் போன் அடித்தது. பெரியம்மாவின் நம்பர். பேசியது பெரியப்பா. எனக்கு அவர் போன் செய்வது அதுதான் முதல் தடவை.

"பாலம் தாண்டிருச்சா தம்பி?"

"தாண்டிருச்சு பெரியப்பா."

"ம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.